அடிக்கத் தெரியாத ஷோர்ட்ஸ்டொப்பின் எட்டு சீசன்கள்

போன மாதம் எங்கள் பேஸ்போல் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. இந்த சீசனிலிருந்து பெண்கள் அணியைத் தெரிவு செய்யும் வேலையை ஒரு செயலி செய்யப்போகிறதாம். யார் எத்தனை தடவை அடித்தார், எத்தனை தடவை ஓடிப்போய்ச் சேர்ந்தார் என்று கூட்டிக் கழித்து அது ஒரு வரிசை தரும். பழைய சீசன்களின் விபரங்களையும் யாரோ அதற்குள் ஏற்றிவிட்டார்கள். உடனே புதிய ஆட்டக்காரி ஒருத்தி எழுதினாள்: "இந்தக் கணக்குப்படி தர்ஷி அக்கா முதல் அணியில ஒரு நாள்கூட விளையாடியிருக்க ஏலாதே! பிறகெப்பிடி எட்டு சீசன் விளையாடினவா?"

தர்ஷி அக்கா நான்தான். வயது இருபத்தொன்பது. வலது தோளில் சத்திரசிகிச்சை முடிந்து, இனிப் பந்து எறியக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டதால் ஓய்வுபெற்றவள். இந்த வயதில் "ஓய்வுபெற்றவள்" என்று எழுதச் சிரிப்பு வருகிறது. ஆனாலும் கேள்வி நியாயமானது. வாட்ஸ்அப்பிலேயே பதில் எழுதத் தொடங்கினேன். பெருவிரல் வலித்ததுதான் மிச்சம், பதில் முடியவில்லை. அதனால் உட்கார்ந்து முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஆட்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் வீடுகளில் விளையாட்டு என்றால் கிரிக்கெட், கிரிக்கெட் என்றால் ரன். சிட்னியில், லிட்கமில் ஒரு கலியாண வீட்டில் அப்பாவின் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை பேஸ்போல் விளையாடுறாவாம். போன கிழமை எத்தனை ரன் அடிச்சனீங்கள்?"

"ஒண்டும் அடிக்கேல்லை, அங்கிள்."

"ஓ, அப்ப பந்து போடுறனீங்களோ?"

"இல்லை, அங்கிள்."

"அப்ப என்னதான் செய்யிறனீங்கள்?"

"நிக்கிறன், அங்கிள்."

அவர் அப்பாவைப் பார்த்த பார்வையில் ஒரு அனுதாபம் இருந்தது.

பேஸ் என்றால் அடித்தவள் ஓடிப்போய்த் தொட வேண்டிய தளம். ஷோர்ட்ஸ்டொப் என்பவள் இரண்டாம் பேசுக்கும் மூன்றாம் பேசுக்கும் நடுவே நிற்பவள். பெரும்பாலான ஆட்டக்காரர் வலக்கைக்காரர் என்பதால் அடிபட்ட பந்துகளில் அதிகமானவை அவள் பக்கம்தான் வரும். தரையில் உருண்டு வந்தால் அள்ளி, மைதானத்துக்குக் குறுக்கே முதல் பேசுக்கு எறிய வேண்டும். அடித்தவள் அங்கே ஓடிச் சேர ஏறத்தாழ நாலரை செக்கன் எடுப்பாள். அந்த நாலரை செக்கனுக்குள் பார்ப்பது, ஓடுவது, குனிவது, அள்ளுவது, எறிவது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கிரிக்கெட்டில் பொயின்றில் நிற்பவர் ஒவ்வொரு பந்திலும் ரன் அவுட் செய்ய வேண்டியிருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் என் வேலை. அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அடக்கத்துக்காகப் பொய் சொல்ல மாட்டேன்.

மட்டை வேறு கதை. பத்துத் தடவை அடிக்கப் போனால் ஒரு தடவை பட்டால் அது நல்ல வாரம். கண் பரிசோதித்தேன், மட்டை மாற்றினேன், நிற்கும் விதத்தை மாற்றினேன். ஒன்றும் உதவவில்லை.

நான் சேர்ந்தது பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டில். முதல் இரண்டு சீசன்களை ஒரே வரியில் சொல்லலாம்: விழுந்தேன், முழங்கால் தோலை மைதானத்துக்குக் கொடுத்தேன், ஒரு தடவை மூக்கை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் சீசனில் எங்களுக்கு மனேஜராக ரிஸ்வான் காக்கா வந்தார். கல்முனைக்காரர். பாடசாலைக் காலத்தில் கொழும்பில் ஒரு ஜப்பானியப் பயிற்றுநரிடம் பேஸ்போல் பழகியவர். இங்கே ஓபர்னில் டயர்க் கடை. நாற்பது வயதுதான், ஆனால் அணியில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் அவரைக் "காக்கா" என்றுதான் கூப்பிடுவோம். அவர்களுக்கு அது அண்ணன் என்று தெரியாது, பெயரின் பாதி என்று நினைத்துக்கொண்டார்கள்.

காக்கா பாராட்ட மாட்டார். நல்ல பந்து பிடித்தால் "ம்" என்பார். மிக நல்ல பந்து பிடித்தால் அதுவும் சொல்ல மாட்டார், எப்போதும் வாயில் கிடக்கும் ஏலக்காயைக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றுவார். வந்த முதல் நாளே என் கையுறையைக் கழற்றி வாங்கினார். தட்டையான ஒரு பலகைத் துண்டைத் தந்தார். பின்பக்கம் கை நுழைக்க டயர் ட்யூபில் வெட்டிய ரப்பர்ப் பட்டி.

"இதால பிடிங்க, தங்கச்சி."

"பலகையில பந்து நிக்காதே, காக்கா."

"நிக்காதுதான். அதுக்குத்தான் மத்தக் கை இரிக்கி."

பலகையில் பட்ட பந்து தெறிக்கும். தெறிக்கும் அந்தக் கணத்திலேயே வலது கை அதன் மேல் மூட வேண்டும். ஒரு நாளைக்கு நூறு பந்து, ஒரு மாதம். அதற்குப் பிறகு கையுறையைத் திருப்பித் தந்தபோது அது எனக்கு ஒரு சொகுசுப் பொருளாகத் தெரிந்தது. பந்து உள்ளே போவதும் என் வலது கைக்கு வருவதும் ஒரே அசைவாகிவிட்டது. பிடித்த பின் எறிவது எல்லோருக்கும் வரும். பிடிப்பதே எறிவதன் தொடக்கமாக இருப்பது அந்தப் பலகை தந்தது.

ஆட்ட நாளில் அவருடைய ஒழுங்கு மாறாது. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பு உள்மைதானத்தில் நிற்கும் நான்கு பேரும் வெறும் கையோடு மண்ணில் நடக்க வேண்டும், கற்களைப் பொறுக்கிக்கொண்டு. பிறகு அவர் பென்சிலால் எழுதிய மட்டை வரிசையைக் கம்பிவலையில் ஒட்டுவார். ஒட்டிப் பத்து நிமிடத்துக்கு யாரும் அதைப் பற்றி அவரோடு பேசக்கூடாது. நான் அந்தத் தாளைக் கீழிருந்து மேலாகத்தான் வாசிப்பேன். ஒன்பதாவது, கடைசி: தர்ஷினி. ஆறு சீசன்களில் அது மாறியதேயில்லை.

இரண்டாம் பேஸ் பக்கம் என் கூட்டாளி காவ்யா. கெல்லிவில்லில் வளர்ந்தவள், பெற்றோர் சென்னை. அவளும் நானும் சேர்ந்து ஒரு வழக்கத்தை உண்டாக்கினோம், அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சூடாகிறது. விஷயம் இதுதான்: எதிரணியில் ஒருத்தி முதல் பேசில் நின்றால், பந்து போடும்போதே அவள் இரண்டாம் பேசுக்கு ஓடி வரக்கூடும். அவளை அங்கே மறிக்க எங்களில் ஒருத்தி ஓட வேண்டும். ஓடுபவள் தன் இடத்தைக் காலியாக விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். ஆகவே யார் போவது என்பது எதிரணிக்குத் தெரியவே கூடாது. மற்ற அணிகள் கையுறையால் முகத்தை மறைத்து, வாயைத் திறந்தோ மூடியோ சைகை காட்டும். பின்னேர வெயிலில் என் வாய் தெரியவில்லை என்று காவ்யா சொன்னாள். "எதுக்குடி இந்த மீன் வாய்? தமிழ்லயே கத்திடலாம். இங்க யாருக்குப் புரியப்போகுது?"

அப்படித்தான் தொடங்கியது. "நான் போறன், நீ நில்!" என்று நான் கத்துவேன். "இல்லடி, இது எனக்கு!" என்று அவள் கத்துவாள். காக்கா ஒரு தடவை மட்டும் சொன்னார்: "சிட்னியில நம்ம ஆக்கள் இல்லாத இடம் எங்க இரிக்கி?" நாங்கள் சிரித்தோம். மூன்று சீசன்கள் அது ஒழுங்காக வேலையும் செய்தது.

இனி அந்த இறுதி ஆட்டம்.

தோள் ஏற்கெனவே கிழியத் தொடங்கியிருந்தது. சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்தாகிவிட்டது. வென்றாலும் தோற்றாலும் அதுதான் எனக்குக் கடைசி ஆட்டம். எனக்கு ஒரேயொரு ஆசை: கடைசிப் பந்து போடப்படும்போது என் இடத்தில் நான் நிற்க வேண்டும்.

வியாழக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் காக்கா கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரு விசயம். ஞாயித்துக்கிழமை நெருக்கடியான நேரத்தில உங்கட முறை வந்தா எமிலி அடிப்பா."

எமிலி புதிதாக வந்தவள். அடித்தால் வேலி தாண்டும். ஷோர்ட்ஸ்டொப்பிலும் ஓரளவு நிற்பாள். எங்கள் விளையாட்டில் ஒருத்திக்குப் பதிலாக இன்னொருத்தி அடிக்கப் போனால், முதலாமவள் அன்றைக்கு மைதானத்துக்குத் திரும்ப முடியாது. வெளியே என்றால் வெளியேதான்.

"விளங்குதா?" என்றார்.

"விளங்குது, காக்கா."

விளங்கியது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். வீட்டுக்குப் போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

எங்கள் ஆட்டம் ஏழு இன்னிங்ஸ். நான்காவது இன்னிங்ஸில் ஏதோ சரியில்லை என்று பட்டது. எதிரணிக்காரி முதல் பேசில் நிற்கிறாள். "நான் போறன்!" என்று கத்திவிட்டு, அவள் ஓடத் தொடங்கியதும் இரண்டாம் பேசை நோக்கி ஓடினேன். அடிப்பவள் பந்தை நான் விட்டுவந்த இடத்துக்குள், ஓட்டைக்குள் தபால் போடுவதுபோல் தட்டினாள். அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். சிறிது நேரத்தில் இன்னொருத்தி அதையே செய்தாள். இந்த முறை ரன் போனது.

ஐந்தாவது இன்னிங்ஸில் அவர்கள் அடித்து முடித்து இடம் மாறும்போது, அவர்களுடைய முதல் பேஸ் கோச் என்னைக் கடந்து தங்கள் பக்கத்துக்கு நடந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கொஞ்சம் வயிறு. முதல் பேஸ் அருகில் நின்று கைதட்டுவதுதான் அவர் வேலை என்று நினைத்திருந்தேன். அவருடைய போன் அடித்தது.

"ஓம், ஓம்... இன்னும் முடியேல்லை. சோத்தை மூடி வையும், நான் வந்து சாப்பிடுறன்."

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். காவ்யா ஓடி வந்தாள்.

"என்னடி ஆச்சு? தோளா?"

"அந்தாள் எங்கட ஆள்."

"எந்த ஆள்?"

"யாழ்ப்பாணத்து ஆள். சோறு மூடி வைக்கச் சொல்லுறார்."

காவ்யாவின் வாய் திறந்தபடியே நின்றது. "அப்போ நாம அஞ்சு இன்னிங்ஸா கத்தினதெல்லாம்?"

"கேட்டுக்கொண்டு நிண்டவர்."

"ஐயய்யோ, ரெண்டாவது இன்னிங்ஸ்ல நான் அவரைத் தொப்பை மாமான்னு சொன்னேன்டி!"

"அதையும்தான்."

இனி மீன் வாய்க்கே போய்விடலாம் என்றாள் அவள். நான் வேண்டாம் என்றேன். ஆறாவது இன்னிங்ஸில் அவர்கள் அடிக்க வந்தபோது நாங்கள் வழக்கம்போலவே உண்மையைக் கத்தினோம். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போவதாகக் கத்தினால் அவர் தொப்பியைத் தொட்டார். காவ்யா போவதாகக் கத்தினால் இடுப்புப் பட்டியைத் தொட்டார். அடிப்பவள் ஒவ்வொரு தடவையும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் மட்டையைத் தூக்கினாள். அந்தச் சுற்றில் நல்ல காலத்துக்கு ரன் எதுவும் போகவில்லை. நாங்கள் ஒரு ரன் முன்னால் இருந்தோம்.

அதே இன்னிங்ஸில் நாங்கள் அடித்தோம். இரண்டு பேர் அவுட், மூன்றாவது அவுட்டோடு எங்கள் சுற்று முடிந்துவிடும். மூன்றாம் பேசில் எங்கள் ஆள் காத்து நிற்கிறாள். ஒரு அடி, ஒரேயொரு அடி போதும், இரண்டு ரன் முன்னிலை ஆகிவிடும். முறை யாருடையது? ஒன்பதாவது ஆளுடையது.

எமிலி தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு மட்டையைச் சுழற்றத் தொடங்கினாள். காக்கா நடுவரிடம் சொல்ல எழும்பினார். நான் அவருக்குக் குறுக்கே போய் நின்றேன். ஆறு சீசன்களில் நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"காக்கா, ஒரு நிமிசம்."

"வியாழக்கிழமை சொன்னது சொன்னதுதான், தங்கச்சி."

"அவையின்ர முதல் பேஸ் கோச் தமிழர். நாங்கள் கத்துறதெல்லாம் அவருக்கு விளங்குது."

ஏலக்காய் நின்றது. "எப்பிடித் தெரியும்?"

"மனுசியோட போனில தமிழில கதைச்சவர். நான் போறன் எண்டா தொப்பியத் தொடுறார். அடுத்த இன்னிங்ஸில நான் பொய்யாக் கத்துறன், அவர் நம்புவார். பந்து நேர எனக்குத்தான் வரும்." மூச்சு வாங்கியது. "எமிலி நிண்டா ஆர் தமிழில கத்துறது?"

நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். காக்கா மூன்றாம் பேசில் நின்றவளைப் பார்த்தார், எமிலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கையில இரிக்கிற ஒரு ரன்ன விடச் சொல்றீங்க."

"ஓம்."

"இது டீமுக்காகவா, உங்களுக்காகவா?"

டீமுக்காக என்று சொல்லியிருக்கலாம். "ரெண்டுக்கும்தான், காக்கா," என்றேன்.

அவர் எமிலியை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு என்னிடம், "போங்க. கன நேரம் நிக்காதீங்க, எங்கட பிட்சர்ட பந்து போடுற கை ஆறிப்போகும்."

ஒரு மனேஜர் தன் மட்டைக்காரிக்குச் சொன்ன அறிவுரைகளில் இதைவிட நேர்மையானது இருக்க முடியாது. மூன்று பந்துகள். மூன்றையும் முழு மனதோடு வீசினேன், மூன்றும் காற்றில் போயின, நான் அவுட். திரும்பி வந்தபோது எமிலி தலைக்கவசத்தை உட்காரும் வாங்கின் கீழ் எறிந்த சத்தம் கேட்டது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு நான் சொன்ன தமிழ் விளங்கவில்லை. கெஞ்சி இடத்தைக் காப்பாற்றிக்கொண்டேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதில் பாதி உண்மையும் இருந்தது.

கையுறையை மாட்டிக்கொண்டு என் இடத்துக்குப் போனேன். ஏழாவது இன்னிங்ஸ், கடைசி. ஒரு ரன் முன்னிலை. முதலாமவள் அவுட். இரண்டாமவள் அடித்து முதல் பேசுக்குப் போனாள். அடுத்து வந்தது அவர்களுடைய கப்டன், இடக்கைக்காரி, நான்காவது இன்னிங்ஸில் என் இடத்துக்குள் முதலில் தட்டியவள் அவள்தான்.

முழங்காலில் கை வைத்துக் குனிந்தேன். தோள் நெருப்பாக எரிந்தது. வாயைத் திறந்தேன்.

"காவ்யா! நான் போறன், நீ நில்!"

"சரிடி, நீ போ!" என்று அவள் எட்டு வீடு கேட்கக் கத்தினாள். அவள் நடிப்பு கொஞ்சம் கூடிப்போனது என்று பயந்தேன்.

அவர் தொப்பியைத் தொட்டார்.

பந்து வீச்சாளரின் கை உயர்ந்தது. முதல் பேசில் நின்றவள் பாய்ந்தாள். நான் இரண்டாம் பேசை நோக்கி ஓரடி வைத்தேன். அந்த ஓரடி இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். வைத்த காலைத் தரையில் ஊன்றித் திரும்பினேன். அடிப்பவள் நான் இருக்கக்கூடாத இடத்துக்கு அடித்தாள். உருட்டி அடிப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் அடித்தது முழங்கால் உயரத்தில், நேர்கோட்டில், என் வலப்பக்கமாகப் பறந்தது. வைத்த ஓரடிக்கு இப்போது விலை கொடுக்க வேண்டும். பாய்ந்தேன். கையுறையின் நுனியில் ஏதோ கனத்தது. தரைக்கு ஒரு சாண் மேலே பிடி.

அவள் அவுட். ஆனால் பந்து நிலத்தில் படாமல் பிடிபட்டால் ஓடியவள் தான் புறப்பட்ட பேசுக்குத் திரும்பியாக வேண்டும். அவளோ இரண்டாம் பேசுக்குக் கிட்ட வந்துவிட்டாள். அங்கே நான் ஓடி வந்திருக்க வேண்டிய இடத்தில் காவ்யா நிற்பதைக் கண்டு தடுமாறித் திரும்பி ஓடினாள். எனக்கு எழும்ப நேரமில்லை. முழங்காலில் நின்றபடி எறிந்தேன். தோளுக்குள் ஏதோ துணி கிழிவதுபோல் கேட்டது, எனக்கு மட்டும். பந்து மைதானத்துக்குக் குறுக்கே போய் ஒரு தடவை தரையில் குத்தி எழும்பி முதல் பேசில் நின்ற எங்கள் ஆளின் கையுறைக்குள் நுழைந்தது. ஓடி வந்தவளின் கை அதற்குப் பிறகுதான் பேசைத் தொட்டது.

நடுவரின் முஷ்டி உயர்ந்தது. மூன்றாவது அவுட். ஆட்டம் முடிந்தது.

முதலில் ஓடி வந்து என் மேல் விழுந்தவள் எமிலி. நல்ல பிள்ளை. வலிக்கிறது என்று நான் கத்தியது அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

கைகுலுக்கும் வரிசையில் அந்தக் கோச் என் முன்னால் வந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, நீர் பொய் சொன்னனீர்."

"ஓம், அங்கிள். நீங்கள் ஒட்டுக்கேட்டனீங்கள்."

"அது கோச்சின்ர வேலை." சிரித்தார். "எந்த இடம் நீங்கள்?"

"அப்பா ஆக்கள் சாவகச்சேரி."

"அதுதானே பாத்தன்." பிறகு காவ்யாவிடம் திரும்பினார். "தங்கச்சி, நான் மெலியத்தான் வேணும். வீட்டிலயும் சொல்லுறவை." காவ்யா தன் கையுறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

செயலியில் அந்த ஆட்டத்தை இப்போதும் பார்க்கலாம். என் பெயருக்கு நேரே மூன்று தடவை அடிக்கப் போனேன், மூன்று தடவையும் பூச்சியம் என்று கிடக்கிறது. பிழையில்லை, அது நடந்ததுதான். நான் காலியாக விட்டதாகக் காட்டிய இடத்தில் நின்றதற்கு அதில் ஒரு பெட்டி இல்லை. என் கேள்விக்காரிக்குச் சொல்கிறேன்: எட்டு சீசன் விளையாடியது அந்தப் பெட்டி இல்லாத வேலைக்காகத்தான். நாலரை செக்கனுக்குள் முடியும் அந்த வேலையில் இந்த லீக்கில் என்னைவிட நன்றாகச் செய்தவளை நான் பார்க்கவில்லை. பார்த்தால் ஒப்புக்கொள்வேன்.

அன்றைக்குக் கிண்ணத்தோடு எல்லோரும் படம் எடுக்கப் போய்விட்டார்கள். நான் என் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றேன். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தேன். காக்கா மைதானத்தின் குறுக்காக மெதுவாக நடந்து வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும், தங்கச்சி."

"கொஞ்ச நேரம் நிக்கட்டோ, காக்கா?"

அவர் தோளைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். ஏலக்காய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது.

"ஆறுதலா வாங்க. உங்கள ஆரும் மாத்தல்ல."

அவர் போன பிறகும் நின்றேன். கிண்ணத்தைச் சுற்றிச் சத்தம் அடங்கியதும், யாரும் கூப்பிடாமல், நானே நடந்து வெளியே வந்தேன்.